மச்சானுக்கு மட்டும் இல்லாத துள்ளல்

பீர் முகைதீன் தம் ஐம்பத்தெட்டு வயதுக்குள் கூடைப்பந்தைக் கையால் தொட்டது மூன்றே முறை. மூன்றும் எல்லைக்கோட்டைத் தாண்டி அவருடைய மேசைக்கு வந்து விழுந்தவை. முதலாவது தேநீரைக் கவிழ்த்தது. இரண்டாவது மூக்குக் கண்ணாடியை உடைத்தது. மூன்றாவதை எப்படியோ பிடித்துவிட்டார். பிடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், யாரோ கையில் திணித்துவிட்டுப் போன கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நடுவர் வந்து பக்குவமாக வாங்கிப் போனார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ரங்கூன் கூடைப்பந்து லீக்கில் கடைசி வார்த்தை. யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ரீபவுண்ட், யார் கொடுத்த பந்தை யார் கூடையில் போட்டார் என்று பதினைந்து வருஷமாக அவர் தாளில் எழுதியதுதான் நடந்தது, எழுதாதது நடக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஆறடி நாலங்குல ஆட்கள் அவர் மேசைக்கு முன்னால் முதுகை வளைத்து நின்று, பர்மிய மரியாதைக்கு 'ஊ' சேர்த்து, "ஊ பீர், எனக்கு எத்தனை?" என்று கேட்பார்கள். அவர் தலையைத் தூக்காமல் எண்ணைச் சொல்வார்.

வாரநாட்களில் அவருக்குப் பசுந்தாங் பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற உத்தியோகம். ஒரு பக்கம் திறந்த வட்டங்கள் அச்சடித்த பலகையைக் காட்டி, திறப்பு மேலேயா கீழேயா என்று கேட்க வேண்டும். பர்மிய எழுத்தே வட்டமும் அரை வட்டமுமாக இருப்பதால், சில வாடிக்கையாளர்கள் பலகையை வாய்விட்டு வாசிக்கப் பார்ப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். பிறர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை எழுதுகிறவன் சிரிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கொள்கைகள் அவரிடம் நிறைய உண்டு. இந்தக் கதை அவற்றில் ஒன்றைப் பற்றியது.

கூடைப்பந்தில் புள்ளி என்பது சர்ச்சையில்லாத விஷயம். பந்து வளையத்துக்குள் போனது, அல்லது போகவில்லை. ரீபவுண்டும், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதும், அப்படித்தான். அசிஸ்ட் மட்டும் வேறு சாதி. ஒருவன் கொடுத்த பந்தை வாங்கி இன்னொருவன் உடனே கூடையில் போட்டால், கொடுத்தவன் பெயரில் ஓர் அசிஸ்ட். அந்த 'உடனே' எவ்வளவு உடனே? அதை மேசையில் இருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். வாங்கியவன் பந்தைத் தரையில் ஒரு முறை தட்டலாம், ஒரு துள்ளல் வரை மன்னிப்பு. இரண்டாவது துள்ளல் விழுந்தால் அது வாங்கியவனின் சொந்தச் சம்பாத்தியம். இதுதான் பீர் முகைதீன் போட்ட விதி. ஏழு கிளப்புகளும் ஒப்புக்கொண்டன. தம் மனைவி உம்மு சல்மாவுக்கும் சமையலறையில் உருளைக்கிழங்கை வைத்து அவரே இதைச் சொல்லிக்கொடுத்தார். அது அவர் செய்த பெரிய பிழை என்று பின்னால் தெரிந்தது.

உம்மு சல்மாவின் தம்பி நிஹால்; அக்காவை 'லாத்தா' என்பான். பள்ளிப் பதிவேட்டிலும் பனியனின் முதுகிலும் தெட் நைங் என்ற பர்மியப் பெயர், வீட்டில் நிஹால். துறைமுக அணியில் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரன். உயரம் ஐந்தடி ஏழு, அதாவது அந்தத் தொழிலில் குள்ளன். குதிக்கத் தெரியாது. ஓட்டமும் சுமார். ஆனால் அவன் கையிலிருந்து பந்து போவதைப் பார்த்தவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். ஆள் நிற்கும் இடத்துக்கு அவன் பந்து கொடுப்பதில்லை. ஆள் இன்னும் யோசித்தே இராத ஓர் இடத்துக்குக் கொடுப்பான். ஆள் அங்கே போய்ச் சேரும்போது பந்து நெஞ்சு உயரத்தில், தையல்கோடு விரலுக்கு நேராகக் காத்திருக்கும். முதன்முதல் அதைப் பார்த்த நாளில் பீர் முகைதீன் எழுத மறந்து வாயைப் பிளந்தார். ஸ்கோர் மேசையில் அது குற்றம்.

அந்த முதல் வருஷமே வினை வந்தது. எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் மேசையைக் கடந்து போகையில், எல்லார் காதிலும் விழும்படி, "மச்சான் ஆடுறான், மச்சான் எழுதுறார். மச்சான் பேனாவுக்கு மை வத்தாது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பீர் முகைதீனும் சிரித்தார். சிரித்துவிட்டு, அன்றே மனசுக்குள் ஒரு திருத்தம் செய்துகொண்டார்: மற்றவர்களுக்கு ஒரு துள்ளல் வரை மன்னிப்பு, மச்சானுக்கு அதுவும் கிடையாது. பந்து வாங்கியவன் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போச்சு, நிஹாலுக்கு அசிஸ்ட் இல்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சில மாதத்தில் தமக்கே சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டார். தவறான பவர் கண்ணாடியும் போட்டுப் பழகினால் சரியாகத்தானே தெரியும்.

பதினைந்து வருஷம் போயிற்று. நோயும் ஊர் நிலவரமுமாக அதில் இரண்டு வருஷம் பந்தே துள்ளவில்லை. ஆக, பதின்மூன்று சீசன். நிஹாலுக்கு முப்பத்தாறு வயது. இந்தச் சீசனோடு விடைபெறுவதாகச் சொல்லிவிட்டான். லீக் காரியதரிசி, இந்தக் காலகட்டத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் பட்டியலை ஒரு மலராக அச்சடிக்க ஆசைப்பட்டு, பீர் முகைதீனிடம் தயாரிக்கச் சொன்னார். வேறு யாரிடம் சொல்வது? தாள்கள் எல்லாம் அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

பட்டியல் போடப் போட அவருக்கே மலைப்பாக இருந்தது. புள்ளியில் முதலிடம் மண்டலேயிலிருந்து வந்த ஒருவனுக்கு, ஐயாயிரத்துச் சொச்சம். அத்தனையையும் போட்டவன் இப்போது எடை கூடி, மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறான். ரீபவுண்டில் முதலிடம் தாகேதாப் பேட்டைச் செல்லக்கண்ணுவுக்கு, மூவாயிரத்து நானூறு. பகலில் லாரி ஓட்டுகிற, நாற்பது வயதைத் தொட்ட, இடது முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு துறைமுக அணிக்கு இன்னும் ஆடுகிற மனிதன். மூவாயிரத்து நானூறு முறை அந்த முழங்கால் தரையை விட்டு எழும்பித் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தபோது பீர் முகைதீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தம் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அசிஸ்டில் முதலிடம் கோ தூரா, நான்கு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றவர்: 1,994. இரண்டாமிடம் தெட் நைங்: 1,987. மிச்சம் ஒரே ஆட்டம். ஏழு கிடைத்தால் சமம், எட்டு கிடைத்தால் முதலிடம். நிஹாலின் சராசரி ஆறும் சில்லறையும்.

பீர் முகைதீன் இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். உம்மு சல்மா பெருமைப்படவில்லை. எழுந்து போய் அலமாரிக்கு மேலிருந்து ஒரு துணிக்கட்டை இறக்கினார். உள்ளே பதின்மூன்று வருஷச் சுவர்க் காலண்டர்கள். தம்பியின் எந்த ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. மூன்றாவது வரிசையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்து, தம்பியின் ஒவ்வொரு அசிஸ்டுக்கும் ஒரு சுப்ஹானல்லாஹ் சொல்லி ஒரு மணியைத் தள்ளுவார். வீட்டுக்கு வந்ததும் எண்ணிக்கையைக் காலண்டரின் தேதிக் கட்டத்தில் எழுதிவைப்பார்.

"மொத்தம் ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினொண்ணு," என்றார். "ஒங்க கணக்குல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தேழு. மிச்சம் இருநூத்தி இருபத்து நாலு எங்கேங்க போச்சு? ஆத்தோட போச்சா?"

"நீ சுப்ஹானல்லாஹ் சொல்ற சந்தோஷத்துல ரெண்டு மூணு மணி கூடத் தள்ளியிருப்பே."

"தஸ்பீஹ்ல கள்ளக் கணக்கு தள்ளுவாங்களா? நல்லா பேசுறீங்க! ஒரு துள்ளல்னு சொல்லிக்குடுத்ததே நீங்கதான். உருளைக்கெழங்கை வச்சு."

"மேசைலேருந்து பாக்குறது வேற, மூணாவது வரிசைலேருந்து பாக்குறது வேற."

"ஆமா. நான் கண்ணைத் தொறந்து பாக்குறேன்."

அவர் காலண்டர்களையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். வருஷவாரியாக ஒப்பிட்டால் மனைவியின் தவறு பிடிபட்டுவிடும் என்பது எண்ணம். முதல் சீசனில் வித்தியாசம் 51. இரண்டாவதில் 43. அப்புறம் 34, 27, 20, 15, 11, 8, 6, 4, 2, 2. இந்தச் சீசனில் ஒன்றே ஒன்று.

உம்மு சல்மாவின் தவறு என்றால் இப்படி வரிசையாகப் படியிறங்காது. அவர் மனசுக்குள் மூடிவைத்திருந்த அந்தப் பழைய திருத்தம் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தது. முதலில் ஒரு சமாதானம் கிடைத்தது: ஆரம்பத்தில் கடுமையாக இருந்தேன், போகப்போக இளகிவிட்டேன், அவ்வளவுதானே. அதை உறுதிப்படுத்திக்கொள்ள, இந்தச் சீசனில் அந்த ஒரு வித்தியாசம் விழுந்த ஆட்டத்தை ரசிகர் ஒருவர் ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போட்டிருந்ததைத் தேடி எடுத்தார்.

பார்த்தார். அவர் இளகவே இல்லை. அந்த ஒரே பந்தில் வாங்கியவன் ஒரு முறை தரையில் தட்டியிருந்தான், பேனா அசையவில்லை. அதே ஆட்டத்தில் எதிரணிக்காரனுக்கு அதே மாதிரிப் பந்துக்குச் சட்டென்று எழுதியிருந்தார். வேறு ஆட்டங்களையும் பார்த்தார். நிஹால் கொடுக்கும் பந்துகளில் எவனும் துள்ளல் போடவே இல்லை. போட அவசியம் இருக்கவில்லை. ஒருவன் இடது காலை ஊன்றிக் கிளம்பும் அதே நொடியில் பந்து அவன் கையில் இருந்தது. இன்னொருவன் திரும்பியபோது திரும்பிய பக்கத்தில் இருந்தது. வாங்கியவனுக்குக் கூடையில் போடுவதைத் தவிர வேறு வழியே விட்டுவைக்காத பந்துகள்.

மாறியது பேனா இல்லை. பந்து.

மறுநாள் நிஹால் கடைக்கு வந்தான். ஓய்வுக்கு அப்புறம் வண்டி ஓட்ட லைசென்ஸ் எடுக்க வேண்டும், கண் சோதித்துத் தாள் வேண்டும். பீர் முகைதீன் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடிச் சில்லுகள் மாட்டுகிற கனத்த இரும்பு ஃபிரேமை மூக்கில் ஏற்றினார். அதை மாட்டிக்கொண்டவனுக்கு எதிரே உள்ள பலகை தெரியும். பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாது. பாவமன்னிப்புக்கு வசதியான ஏற்பாடு.

"திறப்பு எந்தப் பக்கம்?"

"மேலே."

"இது?"

"வலது பக்கம், மச்சான்."

"நிஹால், ஒனக்கு நான் இருநூத்தி இருபத்து நாலு அசிஸ்ட் எழுதாம விட்டுட்டேன்."

"கீழே," என்றான் நிஹால், அடுத்த வட்டத்தைப் பார்த்து. அப்புறம், "அவ்வளவு ஆயிடுச்சா? நான் எரநூறுக்குள்ளே இருக்கும்னு நெனச்சேன்."

பீர் முகைதீன் கையிலிருந்த சில்லு நழுவியது. "ஒனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது சீசன்லேயே தெரியும். எல்லாருக்கும் ஒரு துள்ளல், எனக்கு மட்டும் இல்லே. பசங்க வந்து கேட்டாங்க, ஒங்க மச்சான் ஒங்களுக்கு எதிரியான்னு."

"ஏன் கேக்கலே?"

"கேக்கத்தான் நெனச்சேன். லாத்தா கோவிச்சுக்கிட்டு ஒங்களுக்குச் சோறு போடாது. ஒங்களுக்குப் போடலேன்னா சமைக்கவே சமைக்காது. அப்புறம் நான் வெள்ளிக்கெழமை எங்கே போய்ச் சாப்பிடுறது?" நிஹால் சிரித்தான், இரும்பு ஃபிரேம் குலுங்கியது. "கோவம் வந்துச்சு மச்சான், இல்லேங்கலே. அப்புறம் ஒரு வைராக்கியம். எப்பிடிக் குடுத்தா இந்த மனுஷன் எழுதியே ஆகணுமோ, அப்பிடிக் குடுக்குறேன் பாருன்னு. தெனம் எரநூறு பாஸ், செவத்துல சாக்பீஸால ஆள் வரைஞ்சு வச்சு. வாங்குறவன் எந்தக் காலை முன்னாடி வப்பான்னுகூட மனப்பாடம். அந்தப் பாஸைத்தான் ஊரெல்லாம் தெட் நைங் பாஸ், தெட் நைங் பாஸுங்குது. அது பீர் முகைதீன் பாஸ்."

 எத்தனையோ பேர் கண்ணில் தூசியைப் பார்த்துச் சொன்ன பீர் முகைதீன், தம் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவன் பார்க்காத பக்கமாக நகர்ந்தார்.

"கடைசி ஆட்டம் இருக்கு," என்றார். "இனிமே எல்லாருக்கும் உள்ள விதிதான் ஒனக்கும்."

"வேணாம்." நிஹால் ஃபிரேமைக் கழற்றிவிட்டு நேராகப் பார்த்தான். "பதிமூணு வருஷம் ஒரே அளவுகோல்ல அளந்திருக்கீங்க. கடைசி நாளைக்கு இளக்கமா அளந்து முதலிடம் வந்தா, அது ஒங்க தயவு. எனக்கு வேணாம். எப்பவும்போல எழுதுங்க."

பீர் முகைதீன் சில்லுகளைப் பெட்டியில் அடுக்கினார். கண் இரண்டும் நன்றாக இருப்பதாகத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

கடைசி ஆட்டம் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, தாகேதாவில். மின்சாரம் வருகிற நேரத்தைப் பார்த்து வைத்த நேரம். அதுவும் பாதியில் கைவிட, ஆட்டம் ஜெனரேட்டர் புகையோடு தொடர்ந்தது. மூன்றாவது வரிசையில் உம்மு சல்மா, கையில் தஸ்பீஹ். மேசையில் பீர் முகைதீன், கையில் பேனா. நிஹால் எப்போதும்போல மேசைப் பக்கம் திரும்பவே இல்லை.

எந்த விதியால் எழுதுவது என்று முந்தின இரவெல்லாம் புரண்டவருக்கு அன்று அந்தச் சங்கடமே வரவில்லை. முதல் பந்து: இருவர் கைகளுக்கு நடுவே, நோட்டுப் புத்தகம் நுழையாத சந்தில் போய், வெட்டிப் பாய்ந்தவனின் வலக்கையில் உட்கார்ந்தது. துள்ளல் இல்லை. ஒன்று. இரண்டாவது, முதுகுக்குப் பின்னாலிருந்து. மூன்றாவதை அவர் பார்க்கவே இல்லை. கொடுத்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை, செல்லக்கண்ணு கூடைக்கு அடியில் பந்தோடு நின்றுகொண்டு தானே திகைத்தான். நான்கு, ஐந்து. எந்த விதி வைத்தாலும் எழுதித்தான் ஆக வேண்டிய பந்துகள். ஆறாவதுக்கு எதிரணிப் பயிற்சியாளரே கைதட்டிவிட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன் பேனா மையைப் பற்றிப் பேசிய அதே ஆள்; இப்போது தலை முழுக்க நரை. ஏழாவது விழுந்தபோது பீர் முகைதீன் எழுதிய எண் கொஞ்சம் கோணியது. 1,994. சமம்.

எழுபத்தொன்றுக்கு எழுபத்தொன்று. மிச்சம் ஒன்பது நொடி. பந்து நிஹாலிடம்.

மூலையில் ஒருவன் ஆளில்லாமல் நின்றான், கால் ஊன்றி, கை விரித்து. அவனுக்குக் கொடுத்தால் துள்ளல் இல்லாத சுத்தமான பந்து. போட்டான் என்றால் எந்தப் பேனாவும் மறுக்க முடியாத எட்டாவது. ஆனால் அன்று அவன் ஏழு முறை எறிந்து ஒன்றுகூட விழவில்லை. எதிர்ப் பக்கம், கூடையிலிருந்து நான்கடி தள்ளி, செல்லக்கண்ணு. அவன் தவறவிட மாட்டான். ஆனால் அந்த இடது முழங்கால் எழும்புவதற்கு முன்னால் ஒரு துள்ளல் கேட்கும். பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி அந்த விசையில்தான் எழும்புவான். அதை அந்த அரங்கத்தில் நிஹாலைவிட நன்றாக அறிந்தவர் ஒருவர்தான். அவர் மேசையில் இருந்தார்.

நிஹால் செல்லக்கண்ணுவுக்குக் கொடுத்தான்.

டொப் என்று ஒரு துள்ளல். முழங்கால் எழும்பியது. பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. மணி அடித்தது. துறைமுக அணி இரண்டு புள்ளியில் ஜெயித்தது. எல்லாரும் எழுந்து குதித்தார்கள். பீர் முகைதீன் உட்கார்ந்தே இருந்தார். பதின்மூன்று வருஷப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. ஆனால் அவர் கண்ணுக்கு அன்று வேறொன்றும் தெரிந்தது: முதலிடத்தை மூலையில் நிற்கவிட்டு, ஜெயிப்பதற்கான பந்தை ஒருவன் கொடுத்ததைத் தாம் பார்த்துவிட்டார். பார்த்ததை எழுதுவதுதான் வேலை. எட்டு என்று எழுதினார். கோணாமல் எழுதினார்.

நிஹால் வியர்வை சொட்டச் சொட்ட நேராக மேசைக்கு வந்தான். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"எட்டாவதை அடிங்க மச்சான். ஒரு துள்ளல் போச்சு."

"ஒரு துள்ளல் வரைக்கும் மன்னிப்பு உண்டு. விதி."

"எனக்குக் கிடையாதே!"

"அது தப்பு. தப்புப் பண்ணவன் சொல்றேன், தப்பு."

"நான் கேட்டுக்கிட்டேன்ல, எப்பவும்போல எழுதுங்கன்னு? இது தயவு மச்சான், அடிங்க."

பீர் முகைதீன் எழுந்து நின்றார். எழுந்தும் அவன் தோளுக்குத்தான் வந்தார். "தெட் நைங்," என்றார், வீட்டுப் பெயரை விட்டுவிட்டு. "ஆட்டக்காரர் மேசைக்கு வந்து எண்ணைப் பத்தித் தகராறு பண்ணா டெக்னிக்கல் ஃபவுல்னு தண்டனை. ஒன் தொழிலோட கடைசி எழுத்தா அதை எழுதவா?"

 நிஹால் சிரித்துவிட்டான். பின்னாலிருந்து வந்த செல்லக்கண்ணு அவனை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனான், அந்த முழங்காலோடு. நடுவர்கள் இருவரும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். 1,995.

தாகேதாப் பாலத்தில் பஸ் நெரிசலில் ஊர்ந்தது. பீர் முகைதீனும் உம்மு சல்மாவும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கீழே ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.  அவர் இருமிக்கொண்டார்.

"இன்னிக்கு ஒன் எண்ணிக்கை எத்தனை?"

உம்மு சல்மா உள்ளங்கையை விரித்தார். தஸ்பீஹில் ஒரு பக்கமாக ஒதுங்கிய மணிகள் எட்டு. பீர் முகைதீன் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் நுனியால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எட்டுதான்.

"கடைசி மணியை எப்போ தள்ளினே? நான் எழுதினதைப் பாத்துட்டா?"

"அவன் செல்லக்கண்ணுவைப் பாத்தான்ல, அப்பவே தள்ளிட்டேன்," என்றார் உம்மு சல்மா. "ஒங்களுக்குத்தான் எழுத இவ்வளவு நேரம்."